பெர்ஹென்தின்னா நிக்கிறதா, விடறதா

விக்னேஸ்வரிக்கு அம்மா எழுதறது,

நீ நல்லாத்தான் இருப்பேன்னு நெனச்சுக்கிட்டு எழுதறேன், இருக்கியான்னு கேக்க எனக்கு வேற வழியில்ல, போன்ல நீ என்னைய பிளாக் பண்ணி இன்னியோட பத்தொம்பது நாளாச்சு. இங்க நாங்க நல்லா இருக்கோம். அப்பாவுக்கு முதுகு வலி கொஞ்சம் கொறஞ்சிருக்கு, கோசு ஏத்திக்கிட்டு வாரத்துக்கு மூனு நட கோலாலம்பூருக்கு லோரி ஓட்டிட்டுத்தான் இருக்காரு. அவரைய நீ பிளாக் பண்ணல, தெரியும். ஆனா நீ என்ன சொன்னன்னு அவரக் கேட்டா பிள்ள பசியாறிட்டாளாம் அப்படின்னு மட்டும் சொல்றாரு. அவ படிக்கிறாளா விட்டுட்டாளான்னு கேட்டுச் சொல்லுங்களேன்னு கெஞ்சிப் பாத்துட்டேன், அம்மா மக சண்டைக்கு நடுவுல நான் லோரிய விட மாட்டேன் லா, பெரேக் புடிக்காதுங்கிறாரு. ஜோக்கு வேற.

ரிங்லெட் பக்கம் மண்ணு சரிஞ்சு மலைக்கு ஏறுற சடக்க மூடிருச்சு, மூனு நாளா மேல வர்ற காடி பஸ்ஸெல்லாம் நிக்குது, டூரிஸ்ட்டு வரல, அதனால எஸ்டேட் டீக்கடையில எங்களுக்கு வேலையில்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆமா, இப்ப நான் டீக்கடையில இருக்கேன், பூ பேக்கிங்க விட்டுட்டேன், சூப்பர்வைசர் செல்லம் கூட ஒத்து வரல. நீ சிரிக்காத. பக்கத்து வீட்டு இருளப்பன் கங்காணி சிரிச்சாச்சு, இது எத்தனாவது வேல வசுமதி, கைவிரல் பத்தலன்னா சொல்லு என் விரலையும் தர்றேன்னாரு. உன்னையும் விசாரிச்சாரு. நீ எந்த ஊர்ல இருக்கன்னு கேட்டுட்டு, அவரே, அவளும் உன்னாட்டந்தானே, போன மாசம் ஒரு ஊரு இந்த மாசம் ஒரு ஊருன்னாரு. நான் பதில் சொல்லாம நின்னது இதுதான் மொதோ தடவ, அவரே பயந்துட்டாரு, காய்ச்சலாம்மான்னு கேட்டாரு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மழைக்கு வீட்டுலயே அடைஞ்சு கெடந்து எனக்குக் கிறுக்குப் புடிக்கப் பாத்துச்சு, அப்ப அப்பா போன்ல நம்ம தண்ணிக் கப்பல் நாடகம் கெடச்சுச்சு. ஞாபகம் இருக்கா, நீ ஸ்டாண்டர்ட் ஒன்னு படிக்கிறப்ப ஞாயித்துக்கெழம மத்தியானம் டிவில போடுவான், ஒரு கெரகத்துலருந்து இன்னொரு கெரகத்துக்குத் தண்ணி ஏத்திட்டுப் போற கப்பல், கீழ மலாய்ல எழுத்து ஓடும், உனக்கு அவ்வளவு வேகமாப் படிக்க வராது, நான் படிச்சு படிச்சு தமிழ்ல சொல்லுவேன். இப்ப மூனு சீசனும் முழுசா இருக்கு. பாக்க ஆரம்பிச்சவ சோறாக்கக்கூட எந்திரிக்கல. அதுல தாவ்ரின்னு ஒரு மெக்கானிக் பொண்ணு வருவாளே, உனக்கு உசுரு, எனக்கு அவளக் கண்டாலே ஆகாது. எந்தக் கப்பல்லயும் ரெண்டு மாசம் தாண்ட மாட்டா, பூட்ஸோடயே தூங்குவா, துணிப்பையப் பிரிக்கவே மாட்டா. நான் அவளுக்கு ஓடுகாலின்னு பேரு வெச்சிருந்தேன். ஓடுகாலி வந்துட்டாளா ஓடுகாலி வந்துட்டாளான்னு கேட்டுட்டே காப்பி கலக்குவேன்.

மொதோ சீசன் முடியறப்ப கப்பல் ஒரு துறைமுகத்துல நிக்கும், எல்லாரும் எறங்கலாம்னு கேப்டன் சொல்லுவான், இவ பையத் தோள்ல மாட்டிக்கிட்டு கதவுகிட்ட வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுவா, கீழ ஆக்கு பெர்ஹென்தின்னு எழுத்து வந்துச்சு, அதோட முடிஞ்சிரும். நான் உனக்கு என்ன சொன்னேன்? பாத்தியா, நான் வேலைய விட்டுட்டேன்னு சொல்றா, ஓடிட்டா அப்படின்னேன். நீ அழுத. அடுத்த வாரம் மழைல டிவி டிஷ்ஷு எடுக்கல, அதுக்கு அடுத்த வாரம் பாத்தா அவ கப்பல்லயேதான் இருக்கா, நான் சரி கைல கால்ல விழுந்து கூப்ட்டுருப்பாங்கன்னு சொல்லி சமாளிச்சுட்டேன். பன்னெண்டு வருசமா நான் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். இப்ப நாம பாக்காம விட்ட அந்த ஒரு வாரத்தப் பாத்தேன் டி. அவ பைய எறக்கி வெச்சுட்டுப் பூட்ஸக் கழட்டறா. பையிலருந்து ஒரு கோப்பைய எடுத்து செவுத்துல ஆணியில மாட்டறா. அவ்வளவுதான். யாரும் அவளக் கூப்படல, கெஞ்சல. அவ விட்டுட்டேன்னு சொல்லல, நின்னுட்டேன்னு சொல்லிருக்கா. எனக்கு ஒன்னும் புரியாம நாலு தடவ திருப்பி திருப்பிப் போட்டேன், அப்பா வந்து என்னன்னு கேட்டாரு, சொன்னேன், இதுல என்ன இருக்கு, பஸ்ஸு நின்னாலும் பெர்ஹென்தி, வேலைய விட்டாலும் பெர்ஹென்தி, மலாய்ல ஒரே வார்த்த தானேன்னுட்டு குளிக்கப் போயிட்டாரு.

அப்பதான் எனக்குத் தல சுத்துச்சு. நீ அன்னிக்கு எனக்கு என்ன மெசேஜ் போட்ட? மா, நான் பெர்ஹென்தி, போதும், திட்டாத. அவ்வளவுதான். நான் ஒன்னும் கேக்கல. போனப் போட்டு வாய்க்கு வந்ததச் சொன்னேன், படிப்ப விட்டுட்டு வந்து நிக்கப் போறியா ஓடுகாலின்னு கேட்டேன், நீ பேச வாயத் தொறந்த, நான் வெச்சுட்டேன். இப்ப யோசிச்சுப் பாக்கறேன். பினாங்குல கணக்குப் படிப்பு, சாப்பாடு சரியில்லன்னு நீ சொன்ன ஒடனே மாத்துன்னு சொன்னது நானு. ஜோகூர்ல ரூம்காரி சரியில்லன்ன, மாத்துன்னு சொன்னது நானு. இப்ப கோத்தா கினபாலுல தாதி படிப்பு, அங்கயும் ரொம்ப தூரம், ஈப்போவுக்கு மாத்துன்னு விண்ணப்பப் பாரம் வாங்கி நெரப்பி உனக்குப் படம் புடிச்சு அனுப்பினது நானு. அந்தப் படம் அனுப்பின மறு நாள்தான் நீ பெர்ஹென்தின்ன. அப்ப நீ படிப்ப விடறேன்னு சொன்னியா, இல்ல மாறுனது போதும் இங்கயே நிக்கிறேன்னு சொன்னியா? சத்தியமாத் தெரியல. ரெண்டுல எது எனக்குக் கஷ்டம்னும் தெரியல. விட்டா நீ வீட்டுக்கு வந்துருவ, நின்னா வர மாட்ட. நான் எதுக்கு அழறேன்னு தெரியாமலே அழுதேன், அத எழுதிக்கூட எனக்குப் பழக்கமில்ல.

இன்னொன்னு. நான் பதினஞ்சு வயசுல, பாரம் மூனு படிக்கிறப்ப, ஸ்கூல விட்டது ஸ்கூல் வேன் நின்னு போச்சுன்னு உனக்கு சொல்லிருக்கேன்ல. பொய்யி. வேன் ஓடுச்சு. ஜியோகிராபி பரிட்ச அன்னிக்கு ரிங்லெட்ல எறங்கி, கிழங்கு லோரில ஏறி மலைக்குக் கீழ தாப்பா டவுனுக்குப் போயிட்டேன். யாரும் வெரட்டல, யாரும் நிறுத்தல, எனக்கு உக்கார முடியல, அவ்வளவுதான். எஸ்டேட் லயத்து வீடுகள்ல எல்லாரும் எனக்கு ஓடுகாலின்னு பேரு வெச்சாங்க. அதத்தான் நான் டிவில இருந்தவளுக்கு வெச்சேன், அப்புறம் உனக்கும் வெச்சேன். அது என் பேருடி, நானே வெச்சுக்கறேன், நீ தொடச்சுப் போட்டுரு. அந்தத் தாவ்ரி கோப்பைய மாட்டினதுக்கு அப்புறமும் நல்லவளா மாறிடல, அதே வாயி, அதே கோவம். மூனாவது சீசன்ல தெனம் காலைல கதவப் பாத்துட்டு நிப்பா, அப்புறம் திட்டிக்கிட்டே போயி பம்பு ரிப்பேர் பண்ணுவா. போகணும்னு ஆசையும் இருக்கு, போகவும் இல்ல. அது எப்படி முடியுதுன்னு எனக்குப் புரியல. உனக்கு ஏழு வயசுல புரிஞ்சிருக்கு போல, அதான் நான் தப்பா சொன்னப்ப நீ அழுதுருக்க.

அங்க மழையில நனையாத, சளி புடிச்சா ஒனக்கு நெஞ்சுல எறங்கிரும், ஒரு தெர்மோஸ்ல சுடுதண்ணி வெச்சுக்கோ. மெகி நூடுல்ஸ தெனம் தின்னாத. இங்கருந்து ஒரு டீத்தூள் பாக்கெட்டும் நாத்தாங்கா ஊறுகாயும் இதோட வருது, ஊறுகாயப் பிளாஸ்டிக்ல சுத்திருக்கேன், ஒழுகிருந்தா மன்னிச்சுக்க.

ஈப்போ பாரம் என்கிட்டத்தான் இருக்கு, கையெழுத்தும் போட்டாச்சு, மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். நீ விடறியா நிக்கிறியான்னு எனக்கு ஒரு வரி எழுது, மலாய்ல வேணாம், தமிழ்ல எழுது. எதுன்னாலும் திட்ட மாட்டேன்னு சொல்ல மாட்டேன், திட்டுவேன், ஆனா இந்தத் தடவ கேட்டுட்டுத் திட்டுவேன். நீ எழுதலன்னா நான் பாரத்த அனுப்ப மாட்டேன், கிழிக்கவும் மாட்டேன், உன்னையத் தேடி அங்க வரவும் மாட்டேன், சும்மா உக்காந்திருப்பேன். சும்மா உக்கார்றது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும்.

முருகன் உன் கூடவே இருக்கட்டும். ஒடம்பப் பாத்துக்க.

இப்படிக்கு,
உன் அம்மா
வசுமதி