பேசியவர்கள்

2006 ஜூலை, வியாழன் இரவு

ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டதால், இன்று அவர் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். "சத்தம் வெளிய வராம பாத்துக்கங்க மிஸ், அது போதும்" என்றார் தலைமையாசிரியை. பாடம் நடத்தச் சொல்லவே இல்லை. சுருக்கென்றது.

நான் நுழைவதற்குள், பேசியவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தாள் லீடர் கவிதா. அவர்களை முட்டி போட வைப்பது அங்கே வழக்கமாம். எனக்கு எரிச்சல். தமிழ் வகுப்பில் பேசினால் தண்டனையா?

"பேர் இருக்கிறவங்க முன்னாடி வந்து, பேசினதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. பிறகு ரெஹானா வந்தாள். அவள் அப்பா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறி விற்பவர். "இன்னாண்ணா, சுத்துமான்னு கேக்குற? வூட்டுக்கு எடுத்துனு போய் போட்டுப் பாரு, நீயே பறந்துடுவ!" என்று அவர் குரலிலேயே கூவினாள். வகுப்பே அதிர்ந்தது. அதற்குப் பிறகு மற்றவர்கள் நான் முந்தி நீ முந்தி என்று வந்தார்கள்.

நடுவில் தலைமையாசிரியை ஜன்னலோரம் நின்றுவிட்டுப் போனார். முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. நாளைக்கும் என்னையே அனுப்புவாரா, தெரியாது.

மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு, கவிதா மட்டும் நின்றாள். சாக்பீஸை எடுத்து, கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

"லீடர் ஆனதுலேர்ந்து நான் கிளாஸ்ல பேசினதே இல்ல மிஸ். நாளைக்கு நான் ஃபர்ஸ்ட்."

பலகையை அழிக்காமல் வந்துவிட்டேன்.