பவுச்சுக்கு வெட்டிய சட்டை

ஜூன் 15, 2025, ஞாயிறு

திண்டிவனம் போய்விட்டு வந்தாயிற்று. கலைப்பிரியா வீட்டு மாடியில் எங்கள் ஒட்டுத்துணிக் குழு கூடியது. இந்த மாதம் பரிமாற்றம். சீட்டுக் குலுக்கி, யார் பேர் வருகிறதோ அவருக்கு ஜிப் வைத்த சின்னப் பவுச் ஒன்று தைத்து அடுத்த கூட்டத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை மூச்சுவிடக் கூடாது. எனக்கு வந்த பேர் முகையூர் சவுரியம்மாள் டீச்சர். போன தடவை என் தையலைத் திருப்பிப் பார்த்து, "இது மூலையா, முட்டியா?" என்று கேட்ட அதே டீச்சர். சீட்டு டப்பாவுக்குக்கூட என்மேல் என்ன கோபமோ.

நிபந்தனை வழக்கமானதுதான். மேல்துணி கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. சொந்த வீட்டில் யாராவது உடுத்தியதாக இருக்க வேண்டும். கொடுக்கும்போது அது யார் துணி என்று எல்லார் முன்னாலும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

கோட்டக்குப்பம் வந்து சேர நேரமாகிவிட்டது. வீட்டுக்காரர் டி.வி. முன்னால். "ஒரு பை தைக்கறதுக்கு திண்டிவனம் வரைக்கும் போவணுமா?" என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். மூடி வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

ஜூன் 17

மெஷினை ஹாலிலிருந்து சமையலறைப் பக்கத்து ரூமுக்கு மாற்றினேன். சத்தம் அவருக்குத் தலைவலியாம். இங்கே வெளிச்சம் இல்லை. ஊசியில் நூல் கோக்க வாசலுக்கு வந்து போகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு எங்கே சொல்ல?

குவைத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நோன்புப் பெருநாளுக்கு ஒரேயடியாக வந்தவர். இருபது வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். வீடு முழுக்க அத்தர் வாசனை, சொந்தக்காரர்கள், பிரியாணி. பிறகு போய்விடுவார். அவர் ஒரேயடியாக வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றுதான் நானும் காலம் தள்ளினேன். வந்துவிட்டார். எனக்கு மூச்சு முட்டுகிறது.

என்ன பெண் நான்?

ஜூன் 25

பீரோவைக் குடைந்தேன். மகள் ரிஸ்வானாவின் பழைய சுடிதார்கள் எல்லாம் சாயம் போனவை. அடியில் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒவ்வொரு லீவுக்கும் இவர் வந்து போட்டுக்கொண்டு, போகும்போது விட்டுவிட்டுப் போவாரே, அது. இந்தத் தடவை வந்ததிலிருந்து அதை அவர் கேட்கவே இல்லை. எப்போதும் டி-ஷர்ட், கைலி, வெள்ளிக்கிழமைக்கு ஜிப்பா.

நல்ல காட்டன். முதுகுப் பக்கத்தை முழுசாக வெட்டி எடுத்தேன். உள்ளே பஞ்சு ஷீட் வைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் கட்டம் கோடு பிசகாமல் சேர்கிறது. டீச்சர் ஸ்கேல் வைத்தே அளந்து பார்க்கட்டும்.

ஜூன் 29

முட்டாள். ஜிப்பை மூடி வைத்தபடியே சுற்றிலும் தைத்துவிட்டேன். உள்பக்கத்தை வெளியே திருப்ப வழி இல்லை. பவுச் தைக்கப் பழகுகிற பெண்களுக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தது, ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள் என்று. மெஷின் சத்தத்தைப் பற்றி அவர் ஏதோ சொல்ல, நான் ஏதோ சொல்ல, அந்தக் கோபத்தில் மிதித்தது. உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ரிஸ்வானா விழுப்புரம் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். அத்தாவும் மகளும் பேசிச் சிரித்தது கேட்டது. இவருக்குச் சிரிக்கத் தெரிகிறது. போனை வைத்ததும் மறுபடியும் அதே முகம்.

ஜூலை 3

கத்தாரிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி பேசினார். அங்கே ஸ்டோரில் வேலை இருக்கிறதாம். நான் தெரிந்துகொண்டது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று. "ஆமாப்பா, சும்மாதான் குந்திக்கினு இருக்கேன். எனக்கு இங்க இன்னா வேல?" என்றார்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் இப்படித்தான். விசா வந்த பிறகு சொல்வார், டிக்கெட் போட்ட பிறகு தேதி சொல்வார்.

போனால் போகட்டும், வீடு பழையபடி என் கைக்கு வரும் என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ. அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் வந்தது வந்ததுதான்.

ஜூலை 5

"போட்டோ எடுத்து அனுப்பணும். காலர் வெச்ச சட்ட வேணும். அந்த நீலக் கட்டம் எங்க?" என்று கேட்டார்.

ஒளிக்கவா முடியும்? எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் இருக்கிறது, இரண்டு கையும் இருக்கிறது, முதுகு இல்லை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரக் கேட்டு வெட்டின?"

"நீங்க போடறதில்லியேன்னு..."

"நான் இங்கதானே இருக்கேன். ஒரு வார்த்த கேக்கத் தோணலியா?"

தோணல. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதுதான் உண்மை. இந்த வீட்ல நான் யாரக் கேட்டேன் இத்தன வருஷம்? மாடி ஒழுகினப்ப யாரக் கேட்டேன்? புள்ளைய காலேஜ்ல சேத்தப்ப? கேட்டா அங்கிருந்து "நீயே பாத்துக்கோ"ன்னுதானே வரும். பாத்துக்கிட்டேன். இதையும் அப்படியே வெட்டிட்டேன். அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே, இல்லாதவர் சட்டையை வெட்டுகிற மாதிரி வெட்டியிருக்கிறேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் இத வேணும்னேதான் வுட்டுட்டுப் போவேன், நாசியா. அந்தக் கதவுக்குப் பின்னால மாட்டிட்டு. இந்த வூட்ல என்னுது ஒண்ணு தொங்கிக்கினு இருக்கணும்னு. திரும்பி வந்து பாத்தா பீரோவுல மடிச்சி இருக்கும். ஒவ்வொரு வாட்டியும்."

"தூசி படியுமேன்னுதாங்க மடிச்சேன்."

"தெரியும்" என்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

ஜூலை 6

இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 9

பவுச்சைப் பிரித்துவிட்டேன். இதை எப்படி டீச்சரிடம் கொடுப்பேன்? எல்லார் முன்னாலும் யார் துணி என்று சொல்வேன்?

வெட்டினதை ஒட்டுவதுதானே என் வேலை என்று சட்டை முதுகை மறுபடி சேர்த்துத் தைத்தேன். ஒவ்வொரு இணைப்பும் இரண்டு பக்கமும் கொஞ்சம் துணியைத் தின்றுவிடும். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கே மறந்துவிட்டது. முதுகு குட்டையாகிவிட்டது. முன்பக்கம் கீழே தொங்குகிறது, பின்பக்கம் மேலே ஏறிக்கொண்டு நிற்கிறது. அப்படியும் இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் பார்த்தார்.

"இத இனிமே போட முடியாது."

"தெரியும்ங்க."

"அப்பறம் எதுக்கு மாட்டின?"

"தொங்கட்டும்னு."

ஆனால் சட்டையைக் கழற்றவில்லை.

ஜூலை 14

ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அங்கேயே ஒரு கோட்டு மாட்டிவிட்டார்களாம். கவரைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒரு கோட்டுக்காரர், பயந்த மாதிரி பார்க்கிறார். என் புருஷன் முகம் இவ்வளவு ஒட்டிப்போனது எப்போது? சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று ஒரு நாளாவது கேட்டேனா நான்?

கலைப்பிரியா குரூப்பில் போட்டிருக்கிறாள்: "எல்லாரும் முடிச்சாச்சா?" பாதிப் பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். நான் இன்னும் துணியே எடுக்கவில்லை.

ஜூலை 17

என் சேலையிலேயே வெட்டலாம் என்று இரண்டு எடுத்தேன். ஒன்று மாம்பழ நிறம், சின்னப் பூப் போட்டது, ஓரம் நைந்தது. இன்னொன்று பச்சை. மாம்பழ நிறத்தை விரித்துச் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டேன். கத்தரியை வைத்தால் கை போகவில்லை. சேலையும் கத்தரியுமாக ஹாலுக்கு வந்தேன்.

"என்னங்க, இத வெட்டட்டுமா?"

"உன் சேலைய வெட்டறதுக்கு என்ன எதுக்குக் கேக்கற?"

"கேக்கணும்னு தோணுச்சி."

குத்திக் காட்டுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். டி.வி. சத்தத்தைக் குறைத்தார். முந்தானையை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது வேணாம்."

"ஓரமெல்லாம் நைஞ்சிட்டுதுங்க."

"நைஞ்சா நைஞ்சிட்டுப் போவுது. என் ஃபோன்ல இருக்கற படத்துல நீ இதத்தான் கட்டிக்கினு இருக்க." திறந்து காட்டினார். இது எப்போது எடுத்தது என்றே எனக்கு ஞாபகம் இல்லை. "அந்தப் பச்சைய வெட்டு" என்றார்.

ரூமுக்குள் வந்து அழுதேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது அதை. இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியவே தெரியாது என்ற ஆத்திரம் பாதி. ஏன், வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா அவருக்கு?

பச்சையை வெட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

டீச்சர் பவுச்சைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தார். "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பட்டம். யார் துணி என்று கலைப்பிரியா கேட்டாள். "என் சேலதான். எத வெட்டறதுன்னு சொன்னது எங்க வூட்டுக்காரரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கிளியனூர் தாண்டும்போதே மழை. நனைந்துகொண்டுதான் வீடு வந்தேன். டி.வி. ஓடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கத்தாருக்கு இன்னிக்கி பதில் சொல்லணும்" என்றார். "நான் போவட்டுமா, வேணாமா? நீ சொல்லு."

பர்தாவைக்கூடக் கழற்றவில்லை நான். போகாதீங்க என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. திரும்பவும் நாள் முழுக்க ஹாலில் இவர், அந்த முகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, எல்லாம் கண்ணில் வந்து நின்றது. இதில் மட்டும் பொய் சொல்லிவிடக் கூடாது என்று நின்றேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டை எடுத்து நீட்டினார்.

"இருங்க" என்றேன். "இங்கியே இருங்க."

தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் போனார். மழைச் சத்தத்தில் போனில் கொஞ்சம் உரக்கத்தான் பேசினார்.

"இல்லப்பா, வரல. வூட்ல கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

பர்தாவைக் கழற்றி மாட்டிவிட்டு, அரிசி களையப் போனேன்.