எலி கடித்த தகடு

ஆயில்டேல்,
1961 அக்டோபர் 15, ஞாயிறு

அன்புள்ள ஹோபர்ட்டுக்கு வெர்னா எழுதிக்கொண்டது.

நான் ஐந்தாவதோடு பருத்தி பொறுக்கப் போனவள். பிழை இருந்தால் உங்கள் வீட்டில் மேக்சினிடம் கொடுத்துத் திருத்திப் படிக்கச் சொல்லுங்கள். டாயலுடைய அடக்கத்துக்கு மலை தாண்டி எல்லோரும் வந்தீர்கள். பெட்டியைத் தூக்கினீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மேக்சின் சாப்பாடு கொண்டுவந்த பெரிய பாத்திரம் இங்கேதான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன்.

வண்டி விஷயம்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் என் பக்கத்தில் வந்து, "செத்துப்போன ஆளோட வண்டிய எங்க ரேஸ் கிளப்பு பாதியில விடாது வெர்னா, நாங்க முடிச்சுக் கொண்டாந்து நிறுத்துறோம்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அன்றைக்கு வீட்டைக் கொளுத்தட்டுமா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஷெட் காலி.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். எதிர்வீட்டு டெல்பர்ட், மூலைவீட்டு ட்வைலா, இன்னும் நாலைந்து வாண்டுகள். உங்களுக்குத்தான் தெரியுமே, சனிக்கிழமை விடிந்தால் அவர்கள் எங்கள் ஷெட்டில்தான் கிடப்பார்கள்.

"அத்தை, ஷெட்ட தொறக்கலையா?"

"வண்டி பர்பாங்க் போயிருக்குடா."

"மாமாவே இல்ல, யாரு ஓட்டிட்டுப் போனா?"

"லாரில ஏத்திக்கிட்டுப் போனாங்க."

"பந்தயத்துக்குக் கட்டுன ஹாட் ராட் வண்டிய லாரிலயா ஏத்துனாங்க? மாமா பாத்திருந்தா மானமே போயிருக்கும்" என்று டெல்பர்ட் சிரித்தான். ட்வைலா அவன் முழங்கையில் கிள்ளினாள். அப்புறம் யாரும் சொல்லாமலே ஷெட்டைக் கூட்டிப் பெருக்கினார்கள். வண்டி நின்ற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டார்கள்.

ஹோபர்ட், பிரேக்கும் வயரும் மட்டும் சரிபார்த்து அனுப்பினால் போதும். பெயின்ட் வேண்டாம். மட்கார்டு இல்லாமல், துருவும் தகரமுமாக, இருக்கிறபடியே வரட்டும். முக்கியமாக, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகட்டைத் தொடாதீர்கள். அதில் இருக்கிற ஓட்டைகள் பிள்ளைகள் போட்டவை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு இருந்தது சனிக்கிழமைகள்தான். அது திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

மேக்சினுக்கு என் அன்பு.

வெர்னா


பர்பாங்க்,
1961 நவம்பர் 5

அன்பு வெர்னா,

உன் கடிதத்தைப் படித்து மேக்சின் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதச் சொல்கிறாள். நீ நம்பமாட்டாய் என்பது அவளுக்குத் தெரியும்.

பெயின்ட் வேண்டாம், துருவோடு வரட்டும் என்கிறாய். எதற்குச் சொல்கிறாய் என்று எங்களுக்குப் புரியாதா? உன் மேல் ஒரு செலவும் வைக்கமாட்டோம். கிளப்பில் ஒவ்வொருவனும் தன்னிடம் இருந்த நல்ல பாகத்தை எடுத்து வந்து கொடுத்துவிட்டான். லெஸ்டர் தன் வண்டியிலிருந்தே குரோம் பூசிய முன் ஆக்சிலைக் கழற்றிக் கொடுத்தான். வேலை முடித்து வந்து, சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு டிங்கரிங் பார்க்கிறார்கள். நிறம் கருஞ்சிவப்பு. பன்னிரண்டு பூச்சு. பானெட்டில் நீ முகம் பார்த்துத் தலை வாரலாம்.

உன் புருஷன் எஞ்சின் விஷயத்தில் ராஜா. பாடி விஷயத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்தப் பின்தகட்டைப் பார்த்ததும் லெஸ்டர், "என்னடா இது, எலி கடிச்ச மாதிரி? டாயல் குடிக்கவே மாட்டானே!" என்றான். பட்டறையே சிரித்தது. டாயல் போனதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு ஓட்டை சாய்ந்து போயிருக்கிறது, ஒன்று எட்டு மாதிரி இருக்கிறது, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நேர்கோடே இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டோம். புதுத் தகடு அடித்து, அதன் மேல் சிவப்புத் தோல் தைத்தாகிவிட்டது. பிள்ளைகள் அவன் வண்டியைக் கெடுத்து வைத்திருந்தார்கள் வெர்னா, அவனுக்கு இளகிய மனசு, வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜனவரிக் கார் கண்காட்சியில் அவன் பெயரை முன்னால் எழுதி நிறுத்தப் போகிறோம். நீ வரவேண்டும். அந்த வாண்டுகளையும் கூட்டி வா.

உன் ஹோபர்ட்


ஆயில்டேல்,
1961 நவம்பர் 19

ஹோபர்ட்டுக்கு,

சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். பேனாவைத் தொடாமல் சில நாள் இருந்தேன். கோபத்தில் எழுதினால் எனக்கு எழுத்து கூடி வராது.

அந்த ஓட்டைகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். டாயல் ஒரு பிள்ளைக்கும் பாடம் நடத்தியதில்லை. அவர் தன் வேலையைப் பார்ப்பார். அதுகள் கேட்கும். என்ன கேட்டாலும் வாயால் பதில் வராது. "வா, பாத்துரலாம்" என்பார், கழற்றிவிடுவார். பெட்ரோல் எரிகிறதென்றால் தீ எங்கே போகிறது என்று ட்வைலா ஒரு நாள் கேட்டாள். அன்றைக்குச் சைலன்சர் குழாயை மொத்தமாக இறக்கிவிட்டார். முகமெல்லாம் கரியோடு வந்த பிள்ளையைப் பார்த்து அவள் அம்மா வாசலில் வந்து சண்டை போட்டாள். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பு என்னுதுதாம்மா. ஆனா கேள்வி நல்ல கேள்வி" என்றார்.

அவருக்குப் பதில் தெரியாத கேள்வியை எந்தப் பிள்ளையாவது கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளை கையில் டிரில்லிங் மெஷினைக் கொடுத்துவிடுவார். சீட்டுக்குப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். அதுதான் பரிசு. பந்தய வண்டிக்கு எடை குறையத் தகட்டில் ஓட்டை போடுவீர்களே, அதைத்தான் இப்படி ஆக்கி வைத்திருந்தார். "என் மண்டையில இருக்கற ஓட்டைய ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வைக்கிறேன் வெர்னா" என்பார் என்னிடம்.

எட்டு மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது டெல்பர்ட்டுடையது. கை நழுவி இரண்டாவது தடவையும் இறங்கிவிட்டது. சாய்ந்தது ட்வைலாவுடையது. போன கோடையில் அவள், "மாமா, எஞ்சினுக்குத் தான் ஓடுறது தெரியுமா?" என்று கேட்டாள். இவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து மெஷினை எடுத்துக் கொடுத்தார். மெஷின் அவளைவிடக் கனம். அதனால் சாய்ந்தது. அவர் பிடித்துக்கொடுக்கவில்லை. பிடித்துக்கொடுத்தால் அது தன்னுடைய ஓட்டை ஆகிவிடுமாம்.

டாயல் நினைத்திருந்தால் அந்த வண்டியை ஒரே பனிக்காலத்தில் முடித்திருப்பார். அவர் கைக்கு அது பெரிய வேலையா? முடிந்துவிட்டால் பிள்ளைகள் வந்து என்ன செய்யும்? பார்த்துவிட்டுப் போகும். அதனால்தான் முடிக்கவில்லை. இதை உங்களிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார். சொன்னால் கிளப்பில் கேலி செய்வீர்கள்.

தகடு இன்னும் உங்கள் பட்டறையில்தான் இருக்கும். பழைய வண்டியாக்கித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இதோடு நிறுத்திவிடுங்கள். அந்தத் தகட்டைத் திரும்ப வைத்து வண்டியை அனுப்புங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெர்னா


பர்பாங்க்,
1961 டிசம்பர் 10

அன்பு வெர்னா,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். உன் கடிதம் வருவதற்குள் பழைய இரும்புக்காரர் வந்து மூலையில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் கிடங்கு வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே மலை மாதிரி கிடக்கிறது. கிடைக்கவில்லை.

வேலையை நிறுத்தச் சொல்கிறாய். இனி எதை நிறுத்துவது? கடைசிப் பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. கிளப் பையன்களிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் உடைந்துபோவார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு அன்பாகச் செய்ததை நீ ஒரு குற்றம் மாதிரி எழுதுகிறாய்.

உனக்கு அவன் புருஷன். எனக்கு அவன் யார் என்று யோசித்தாயா? வறண்ட ஏரிப் பந்தயத்தில் முதல் தடவை வண்டியை விரட்டியபோது என் பக்கத்தில் இருந்தவன் அவன். அவன் பெயரைத் துருப்பிடித்த தகரத்தில் எழுதி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. உலகத்துக்கு அவன் யார் என்று தெரியவேண்டாமா?

பிள்ளைகள் பிள்ளைகள்தான். இன்றைக்கு இது, நாளைக்குப் பட்டம் விடும். ஓட்டை போட ஆசையாக இருந்தால் ஒரு மரப்பலகை வாங்கிக் கொடு, அதில் போடட்டும்.

கண்காட்சிக்கு வா. பார்த்தால் மனசு மாறும்.

ஹோபர்ட்


ஆயில்டேல்,
1962 பிப்ரவரி 11, ஞாயிறு

ஹோபர்ட்டுக்கு,

கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால் பேசவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு வண்டியையும் அது ஜெயித்த கோப்பையையும் லெஸ்டர் கொண்டு வந்து விட்டுப் போனார். அவருக்குக் காப்பியும் சோளரொட்டியும் கொடுத்து அனுப்பினேன். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பையன்கள் எல்லோருக்கும் நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். அவர்களிடம் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொன்னேன்.

அழகாகத்தான் இருக்கிறது. இல்லையென்று சொல்லமாட்டேன்.

டெல்பர்ட்டின் அப்பா வண்டியில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு அந்த மலையேறி வந்தோம். வழி முழுக்க ஒரே கூச்சல். என்ன கேட்கலாம், யார் முதலில் உட்காருவது என்று சண்டை. கூடத்துக்குள் வந்தால் வண்டியைச் சுற்றிக் கயிறு. முன்னால் டாயல் பெயர், பக்கத்தில் பூ. "என்ன அத்தை, இன்னொரு தடவ அடக்கமா?" என்று டெல்பர்ட் என் காதில் கேட்டான். அவனை அடக்கிவிட்டேன். அவன் கேட்டது சரிதான்.

ட்வைலா கயிற்றுக்கு அடியில் குனிந்து போனதை நான் கவனிக்கவில்லை. உங்கள் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

"ஏய்! கைய எடு! யாரு வீட்டுப் புள்ள இது? பெத்தவங்க எங்க போய்த் தொலைஞ்சாங்க?"

"என்கூட வந்த பிள்ளை ஹோபர்ட்" என்றேன்.

"பெயின்ட்டு வெர்னா, பெயின்ட்டு! வெரல் பட்டா போச்சு!" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து துணியை எடுத்து, அவள் கை வைத்த இடத்தைத் துடைத்தீர்கள். அவளைப் பார்க்கவே இல்லை. அவள் எதற்குப் போனாள் தெரியுமா? சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தன் ஓட்டையைத் தேடினாள். தோலுக்கு அடியில் இருக்கும் என்று நினைத்தாள். தகடு போய்விட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கத்தினதில் அவளே தெரிந்துகொண்டாள்.

நேற்று ஷெட்டைத் திறந்து வைத்துவிட்டு நானே போய் அவர்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள். தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே வரிசையாக நின்றார்கள்.

டாயலுடைய டிரில்லிங் மெஷினை எடுத்து டெல்பர்ட்டிடம் நீட்டினேன். "போடுடா. எங்க வேணாலும் போடு. கதவுல போடு" என்றேன்.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். "வேண்டாம் அத்தை. திட்டுவாங்க."

"யாரு திட்டுவா? இது என் வண்டிதான்."

"தெரியல. திட்டுவாங்க."

"எதுனா கேளுங்களேன்டா. எஞ்சினத் தொறந்து காட்டட்டுமா? எனக்கும் கொஞ்சம் தெரியும்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க ஒன்றும் இல்லை. ட்வைலா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விருந்துக்குப் போன வீட்டில் பேசுகிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை. இத யாரு செஞ்சாங்க?"

"பர்பாங்க்ல ஒருத்தர்" என்றேன்.

"நல்லா செஞ்சிருக்காரு" என்றாள். அப்புறம் எல்லோரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தெருப் பிள்ளைகள் எனக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

உலகத்துக்கு டாயல் யார் என்று தெரியவேண்டும் என்று எழுதினீர்கள். உலகத்தை அவருக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. அவர் யார் என்று தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர் செத்தபோதுகூட அவர்கள் அவரை மறக்கவில்லை. நீங்கள் மறக்க வைத்துவிட்டீர்கள். அதுவும் அன்பாகச் செய்தீர்கள். அதுதான் எனக்குத் தாளவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்வேன்.

வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இது உங்களுடையது. இதில் டாயல் தொட்ட இடம் எஞ்சின் ஒன்றுதான், அதற்கும் மேலே குரோம் மூடி போட்டுவிட்டீர்கள். கோப்பையையும் மேக்சினுடைய பாத்திரத்தையும் சீட்டில் வைத்திருப்பேன். லாரியோடு வாருங்கள், ஷெட் திறந்திருக்கும். வீட்டுக் கதவைத் தட்டவேண்டாம். இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம். மேக்சின் எழுதினால் படிப்பேன்.

கீறல் இருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு வராதீர்கள். ஒன்றும் இல்லை. யாரும் தொடவில்லை.

வெர்னா