பூங்காவுக்கு என் பெயர் வைத்தார்கள்

விரல் நுனியில் பச்சைப் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், அப்படியும் விடவில்லை. நேற்றுப் பின்னேரம் வாவிக்கரைப் பூங்காவின் புதுப் பெயர்ப்பலகையைத் திறந்து வைத்தார்கள். காயவில்லை, தொடாதீங்க என்று பெயின்ற் அடித்த தம்பிமார் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே கையை வைத்துவிட்டேன். 'தவமணி பூங்கா' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், மெய்வல்லுநர் வீராங்கனை என்று.

இந்த வயதில் இது எனக்கு எப்படி இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? மகளிடம் சொன்னால் கட்டிப் பிடித்து அழுவாள். பக்கத்து வீட்டில் சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பார்கள். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. என்றாலும் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றுகிறது.

படுவான்கரையில் இருந்து வாவியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு நீங்கள் மாப்பிள்ளையாக வந்தபோது, நான் ஓடுகிறவள் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் குழம்பிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் நான் வென்ற கிண்ணங்கள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தன. முன் விறாந்தையில் தையல் இயந்திரத்தைப் போட்டு நீங்கள் தைக்க, நான் பட்டனும் ஊக்கும் வைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள். ஓடியதெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

மூத்தவள் சின்ன வகுப்பில் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. கடைசியில் தாய்மாருக்கு ஒரு ஓட்டம் வைத்தார்கள். நான் மாட்டேன் என்றேன், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்திவிட்டாள். சேலையை இழுத்துச் செருகினேன். விசில் ஊதியது நினைவிருக்கிறது. முடிவில் திரும்பிப் பார்த்தால் மற்றத் தாய்மார் நடு மைதானத்தில் சிரித்துச் சிரித்து வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் சின்னவனைத் தோளில் வைத்தபடி வேம்புக்குக் கீழே நின்றீர்கள். வாய் திறந்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீங்கள் முன்னால் விறுவிறு என்று நடந்தீர்கள். கோபமாக்கும் என்று நினைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். வந்ததும் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் அளவு நாடாவை எடுத்தீர்கள்.

"இஞ்ச வா புள்ள. அளவெடுக்கணும்."

"எனக்கு என்னத்தத் தைக்கப் போறீங்க? உடுப்பெல்லாம் கிடக்குதானே."

"நீளக் காற்சட்டை. சேலையோட ஓடினா கால் இடறும்."

பள்ளிச் சீருடைக்கு வாங்கி வைத்திருந்த கருநீலத் துணியில் அதைத் தைத்தீர்கள். ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு பொக்கற், வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பு வைக்க. அதைக் கண்டதும் அம்மா தலையில் கை வைத்தா.

"ரெண்டு புள்ளப் பெத்தவ காற்சட்டை போட்டு ஓடினா ஊர் என்ன கதைக்கும் மருமகன்?"

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் ஊர் கதைச்சிக்கிட்டுதானே மாமி இரிக்கி? இதையும் சேத்துக் கதைக்கட்டும்."

மாமியாரின் வீட்டில் இருக்கிற மருமகன், குரலை உயர்த்தாத மனிதர், அன்றைக்கு மட்டும் அப்படிச் சொன்னீர்கள். சில நாள் கழித்து, விடியப்புறம் நான் எழும்ப முன்னமே அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியிருந்தா.

நான் ஓட, நீங்கள் பக்கத்தில் சைக்கிளில் வருவீர்கள். வாவியில் இறால் பிடித்துவிட்டு வருகிறவர்கள் தோணியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சந்திக் கடையில் ஒருவர் ஒரு நாள் கேட்டே விட்டார். "என்ன தையல்காரர், பெண்சாதிய ஓட விட்டுட்டு நீங்க சொகுசா வாறீங்க?"

"நான் ஓடினா மூச்சு வாங்குது அண்ணே. அதான் அவளை விட்டிரிக்கன்" என்று மணியை அடித்துக்கொண்டு போனீர்கள். கடை முழுக்கச் சிரித்தது. உங்களைப் பார்த்துச் சிரித்தார்களா, உங்களோடு சிரித்தார்களா என்று நீங்கள் ஒரு போதும் யோசித்ததில்லை. நான் யோசித்தேன். யோசித்து யோசித்துத்தான் அது வீண்வேலை என்று படித்தேன்.

ஆனால் சண்டைக் காலம் அது. ஓடுகிற ஆளைக் கண்டால் சந்தேகப்படுகிற காலம். கல்லடிப் பாலத்தடியில் ஒரு விடியல், காவலுக்கு நின்ற ஆமிக்காரன் துவக்கை நீட்டிவிட்டான். "ஏய், நில்லு! எங்க ஓடுற?" நான் நின்ற இடத்திலேயே விறைத்துவிட்டேன். நீங்கள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்தீர்கள். தெரிந்த இரண்டு மூன்று சிங்களச் சொல்லை வைத்து, "நோனா... ரேஸ், மாத்தயா, ரேஸ்!" என்று, இவள் போட்டிக்கு ஓடுகிறவள் ஐயா என்கிற மாதிரி ஓடிக் காட்டினீர்கள். அவன் உங்களைப் பார்த்தான், என் காற்சட்டையைப் பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான். போகச் சொன்னான். திரும்பி வரும்போது நீங்கள் சைக்கிளில் ஏறவில்லை, வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தீர்கள்.

"ரோட்டு வேணாம் புள்ள. உனக்கு வேற இடம் பாப்பம்" என்றீர்கள். இனி ஓட வேண்டாம் என்று சொல்லப் போகிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேறு இடம் என்றால் அந்த வாவிக்கரைக் காணிதான். ஊர்ச் சபைக்குச் சொந்தம், நாகதாளியும் ஈச்சம் பற்றையும் மண்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அண்ணனின் வயல் வட்டையில் இருந்து கத்தியும் மண்வெட்டியும் வாங்கி வந்து வெட்டத் தொடங்கினீர்கள். துணி வெட்டிய கைக்கு அது ஏலாத வேலை. உள்ளங்கை கொப்புளித்துப் போய், திங்கட்கிழமை ஊசி பிடிக்க முடியாமல் இருந்தீர்கள். என்றாலும் வட்டமாக ஒரு பாதை வந்தது, வளைவு எங்கேயும் பிசகவில்லை. நான் அதில் ஓடினேன். பிள்ளைகள் வந்து பந்தடித்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகு சபை வேலி போட்டு, ஊஞ்சலும் உட்கார வாங்குகளும் வைத்து, அதைப் பூங்கா என்றது.

போன மாதம் விளையாட்டுக் கழகச் செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்தார். "அக்கா, பூங்காவுக்கு உங்கட பேர வைக்கச் சொல்லிச் சபையிட்டக் கேட்டிருக்கம். நீங்க ஓம் எண்டா சரி."

நான் ஓம் என்று சொல்லவில்லை. "அந்தப் பாதை வெட்டினது அவர். அவர்ட பேர வைங்க" என்றேன். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மகள்தான் குசினிக்குள் இருந்து வந்தாள்.

"அம்மா, கொழும்பில அப்பா சொன்னது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மூத்தோர் மெய்வல்லுநர் ஓட்டப் போட்டிக்கு முதன்முதலாகப் போன நாள். இலக்கத் துணி கொடுக்கிற மேசையில் பெயர் கேட்டார்கள். நான் என் பெயரோடு உங்கள் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "உன்ட அப்பாட பேரோட ஓடு புள்ள. பள்ளிக்கூடத்தில அந்தப் பேர்லதானே ஓடின. நான் பக்கத்தில சைக்கிள்ல வாறவன், எனக்கு என்னத்துக்குப் பேர்?" அன்றைக்கு நான் மூன்றாவதாக வந்தேன். பிறகு முதலாவதாகவும் வந்தேன், ஒரு தடவை கடல் கடந்துபோயும் ஓடினேன். எல்லாம் அந்தப் பெயரில்தான்.

மகள் அதைச் சொன்னதும் தம்பியிடம் ஓம் என்றேன்.

அதோடு முடியவில்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழும்பினார். "உயிரோட இரிக்கிற ஆள்ட பேர வைக்கிற வழக்கம் நம்மட்ட இல்ல" என்றார். வாங்குகள் வாங்கித் தந்த முதலாளியின் தகப்பனார் பெயரை வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வந்து தருகிற ராசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள்.

"செத்தாப் பொறகு பேர் வச்சா அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்னார். பொம்பள தனிய எங்ககா நடக்கிற? இவ ஓடுறதக் கண்டுதான் நானும் போனன். இப்ப விடிஞ்சா அந்தப் பூங்காக்குள்ள முழுக்கப் பொம்பிளையள்தான். வாங்கில இருக்க அங்க போறல்ல ஐயா, நடக்கப் போறம்."

பின்வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள். பெரியவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேற்றுத் திரையை நான் இழுக்க வேண்டும் என்றார்கள். ராசம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு பேருமாக இழுத்தோம்.

அவ்வளவு சனத்துக்கு நடுவில் நிற்கும்போது எனக்கு ஆசுப்பத்திரியின் அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. உங்களுடைய கடைசிக் கிழமை. நான் கட்டிலை விட்டு அசையாமல் இருந்தேன். சோறு வேண்டாம், நித்திரை வேண்டாம். நீங்கள் என் காலைப் பார்த்தீர்கள். வீங்கியிருந்தது. மகளிடம் சைகை காட்டி அவளை என் இடத்தில் உட்கார வைத்தீர்கள். சத்தம் வரவில்லை, உதட்டால்தான் சொன்னீர்கள்.

"நீ போய் ஓடிட்டு வா."

நான் அழுதுகொண்டே போனேன். பூங்காவைச் சுற்றி ஓடினேன், அழுகை எப்போது நின்றது என்று தெரியாது. திரும்பி வந்து கட்டிலோரம் நின்றபோது நீங்கள் என் வியர்த்த முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள், ஏதோ நீங்களே ஓடிவிட்டு வந்ததுபோல. மூச்சு இரைக்க நின்ற என் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள்.

எனக்கு ஆயுள் முழுக்க எல்லோரும் 'இரு' என்றுதான் சொன்னார்கள். பெண் பிள்ளை இரு, கல்யாணமானவள் இரு, பிள்ளைத்தாய்ச்சி இரு, வயதுபோனவள் இரு. போ என்று சொல்லி, வா என்றும் சொல்லி, வரும் வரைக்கும் காத்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான். இப்போதும் விடியப்புறம் கேற்றைத் திறக்கும்போது அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிடுகிறேன். முழங்கால் முன்னைப்போல் இல்லை, பாதித் தூரம் நடைதான். என்றாலும் போய் வருகிறேன்.