விசிறி வயரில் ஒரு பிளக்

தங்கச்சிக்கு,

மழை விழவிழ ஐஸாக உறைந்து, மின்கம்பங்களெல்லாம் முறிந்து, இரண்டு வாரம் இருட்டில் கிடந்தோமே, அந்த வருஷம்தான் குளிர்காயும் கணப்புக்குள் இந்த விறகடுப்பை இறக்கினோம். சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறிக்கு வயர் இழுத்தவர் உன் வீட்டுக்காரர் எல்வுட். பிளக் வைக்காமல் சுவர் வயரோடு நேராக முறுக்கிவிட்டார்.

“விசிறியில சாம்பல் தட்டணும்னா எப்படிக் கழட்டுறது?” என்றேன்.

“எழுதப் படிக்கத் தெரியாத ஆளு கரண்டுல கை வைக்க வேணாம் மச்சான். என்னைக் கூப்பிடுங்க.”

வெளியே போ என்றேன். நீயும் கூடவே போய்விட்டாய்.

வீம்புக்கு நான் அந்த விசிறியைத் தொடவே இல்லை. இந்த வருஷம் அதில் சாம்பல் அடைத்துக்கொண்டு தீய்ந்த வாடை அடித்தது. என் மகள் நார்மா, “அடுப்பத் தூக்கிப் போட்டுட்டு போர்ட்லண்டுக்கு என்கூட வந்துருங்கப்பா” என்று பிடிவாதம் பிடித்தாள்.

அவள் போனதும் கரண்டை அணைத்தேன், வயரை வெட்டினேன், நடுவில் பிளக் வைத்தேன். இனி விசிறியைப் பிடுங்கி வாசலில் வைத்தே துடைக்கலாம்.

“யாருப்பா செஞ்சது?” என்றாள் நார்மா, அடுத்த வாரம்.

“எழுதப் படிக்கத் தெரியாத ஆளு.”

சிரித்துவிட்டாள். போர்ட்லண்ட் பேச்சு நின்றது. வீடு கதகதப்பாக இருக்கிறது, எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் சொல்லச் சொல்லத் தபால்காரி எழுதுகிறாள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிறிக்குப் பின்னால் எல்வுட் ஒரு முழம் வயரைக் கூடுதலாகச் சுருட்டி வைத்திருந்தார். பிளக் வைக்க அதுதான் உதவியது. அதை அவரிடம் சொல்லலாமென்றால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அடுப்பைத் தூக்கியவர்களில் உன் அண்ணி தெல்மாவும் இப்போது உயிரோடு இல்லை, பக்கத்து வீட்டு ஹார்லனும் இல்லை. என்னை விட்டால் மிச்சம் நீதான், வெர்னா.

உன் அண்ணன்