வற்றிய வீக்கம்

சவுதியில் இருக்கும் என் மகளுக்கு,

அன்றைக்குப் பேசாலை அகதி முகாமில் நான், உன் பிள்ளை மெற்றில்டா, உன் மாமி பிலோமினா, மருத்துவிச்சி றெஜினா நால்வரும் இருந்தோம். கடலுக்குப் போகக் கடற்படை தடை. மாதக்கணக்கில் நிவாரண மாவும் சீனியுமே சாப்பாடு. பிள்ளையின் காலும் முகமும் ஊதியிருந்தன.

"பாருங்கோ மச்சாள், எப்பிடிக் கொழுத்திட்டாள்!" என்று பிலோமினா பூரித்தாள்.

றெஜினா பிள்ளையின் காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. "இது கொழுப்பில்லை அம்மா, நீர். இந்த மாவும் சீனியும் வயித்தைத்தான் நிரப்பும். உடம்பு தேற மீன், முட்டை, பருப்புக் குடுங்கோ."

எப்படியோ ஒரு சுறாத்துண்டு தேடி, அவித்து உதிர்த்து வறை வைத்தேன். "மீன் கிரந்தி, வருத்தக்காரருக்கு ஆகாது, வீக்கம் கூடும்" என்று பிலோமினா அதைப் பறித்து நாய்க்குப் போட்டாள். பிறகு கிடைத்த மீனை அவளுக்குத் தெரியாமல்தான் பிள்ளைக்கு ஊட்டினேன்.

வீக்கம் வற்றிவிட்டது, மகள். பிள்ளை மெலிவுதான், ஆனால் கரையில் ஓடினால் என்னால் பிடிக்க முடியவில்லை. நீ நிம்மதியாக இரு.

போன ஞாயிறு கோயில் வாசலில் உன் மாமி, "என்ர பத்தியத்திலைதான் பிள்ளை தப்பினவள்" என்றாளாம். கடல் மறித்தவனைக்கூட மன்னிப்பேன். மன்னிக்கவே மாட்டேன் பிலோமினாவை.

உன் அம்மா