நட்சத்திரம் இல்லாத அர்ச்சனை

பொத்தேரி

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். கழுத்துக் கட்டியில் பயாப்சி எடுத்த இடம் இன்னும் வலிக்கிறதா? போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருப்பார். அதனால் உங்கள் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

சனிக்கிழமை அறைத்தோழி தீபலட்சுமியோடு சிங்கப்பெருமாள் கோவில் குடைவரையைப் பார்க்கப் போனேன். சும்மா பார்க்கத்தான். அர்ச்சகர் தட்டோடு வந்து, "பேரு, நட்சத்திரம்?" என்றார். வாயில் உங்கள் பெயர் வந்துவிட்டது.

"ஹில்டாவா? பெருமாளே முழிக்கிறாருடி," என்றாள் தீபா.

அர்ச்சகர் சிரிக்கவில்லை. "நட்சத்திரம் தெரியலேன்னா பரவால்ல, சுவாமி பேருக்கே பண்ணிடலாம்," என்றார். ஆனாலும் மந்திரத்தின் நடுவே "ஹில்டா" என்று கேட்டது.

அப்பாவிடம் சொல்லாதீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். பயாப்சி முடிவு எதுவானாலும், பரீட்சை முடியட்டும் என்று மறைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

ஜோவிதா